முந்திச் சொல்வது

காலையிலிருந்து அந்த அறிக்கை வெளியுறவுத் துணை அமைச்சர் யென் பெய்-சுன்னின் மேசையில் கிடந்தது. ஒரு சின்னத் தீவு நாட்டோடு தைவான் தூதரக உறவை முறித்துக்கொள்கிறது என்று நாலே வரி. அவள் கையெழுத்துதான் பாக்கி. அந்த நாட்டார் தைவானை விட்டுச் சீனா பக்கம் சாயப் போகிறார்கள் என்று பேச்சு. சாய்கிறவர்கள் வாய் திறப்பதற்குள் தைவான் முந்திச் சொல்லிவிட வேண்டும். கைவிடப்பட்டோம் என்பதைவிட விலகினோம் என்பது கௌரவம். அமைச்சகத்தில் அது எழுதாத விதி.

பெய்-சுன்னுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போனாள், திரும்பினாள். அந்தத் தீவுத் தூதரகத்தில்தான் கடைநிலைச் செயலாளராக வேலை தொடங்கினாள். பிறகு தூதராகவும் அங்கேயே போனாள். அங்கே எடுத்த பெயர்தான் துணை அமைச்சர் நாற்காலியைக் கொடுத்தது. வெறும் பேச்சை நம்பி முந்திவிட்டால், இருக்கிற நட்பைத் தன் கையாலேயே அறுத்தவள் ஆவாள்.

அங்கே வெளியுறவு அமைச்சராக இருக்கும் தபாரா பழைய சிநேகிதர். முந்தாநாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

"எடுக்காததே பதில்தானே," என்றார் அமைச்சர் கோ, கதவருகே நின்றபடி. "பழைய பாசம் உங்க கண்ண மறைக்குது."

அவர் போனதும் தபாராவின் வீட்டு எண்ணை அழுத்தினாள். யாரோ எடுத்து, பேசாமல் வைத்துவிட்டார்கள். அந்த ஒரு நொடியில் பின்னால் பலர் சேர்ந்து இழுத்துப் பாடுவது கேட்டது. அந்தத் தீவின் சாவு வீட்டுப் பாட்டு அது. அடக்கம் முடிகிறவரை அந்த வீட்டார் வெளிவேலை எதுவும் பேசமாட்டார்கள்.

கோவிடம் ஓடி, தபாரா வீட்டில் சாவு, அதனால்தான் போனை எடுக்கவில்லை என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே சாயங்காலம்வரை பொறுக்கச் சம்மதித்தார். அவர்கள் முந்திக்கொண்டால் பதில் சொல்ல நாடாளுமன்றத்தில் நீங்களே போய் நில்லுங்கள் என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் தபாராவே கூப்பிட்டார். அம்மா போய்விட்டார், இப்போதுதான் அடக்கம் முடிந்தது என்றார். அவள் துக்கம் கேட்டாள்.

"போன வாரமே முடிவாயிருச்சு, பெய். அம்மாவ வீட்ல வெச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்ல வாய் வரல. நாளைக்குக் காலைல அறிவிக்கிறோம்."

"உனக்காக இங்க நான் சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்."

"நீ போட்டிருப்பேன்னு தெரியும். அதான் கூப்பிட்டேன். நீங்க இன்னைக்கே சொல்லிருங்க."

"நீ எந்தப் பக்கம் கை தூக்கின?"

"அதக் கேக்காத."

அவள் போனை வைத்துவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். பேனா ரெண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. பிறகு தீவில் இருக்கும் தூதர் தெங்கைக் கூப்பிட்டு, கொடியை இறக்குவதற்கு முன் அந்த ஊர் வழக்கப்படி அரிசி மூட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள்.

தெங் தயங்கினார். "அறிக்கை வெளிய போயிட்டா நாம இங்க யாருமே இல்லையே, மேடம். யாருன்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

"அது வெளிய போறதுக்குள்ள போங்க," என்றாள். தாளை வெளியே அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தெங் திரும்பக் கூப்பிடும்வரை அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.