அம்முவுக்கு இரண்டு வைத்தியம்

என் புருஷன் டில்லிபாபு எனக்குத் தாய்மாமன். எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குக் கண்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறவர். உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு அவருக்கு. அவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு வியாசர்பாடிக்கே தெரியும்.

எங்கள் சின்னவள் அம்முவுக்கு ஒன்றரை வயதில் வயிறு உப்பியது. மூக்கடைத்துக் குறட்டை விட்டாள். உடம்பில் சேரும் கழிவைக் கரைக்கிற ஒரு என்சைம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை என்றார் டாக்டரம்மா புஷ்பவல்லி. அந்தக் குறை எங்கள் இருவரிடமும் பாதி பாதியாக ஒளிந்திருந்து, சொந்தத்தில் கட்டியதால் குழந்தையிடம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதாம். சும்மா விட்டால் மூளை கெடும், பேச்சு போய்விடும் என்றார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த என்சைமை இனாமாகக் கொடுத்தது. திங்கட்கிழமைதோறும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வயிறு வற்றியது, குறட்டையும் குறைந்தது.

"அதான் சரியாப் பூட்சே, இன்னும் இன்னாத்துக்கு வைத்தியம்?" என்றார் இவர்.

"இந்த மருந்து ரத்தத்துல ஓடும், மூளைக்குள்ள போகாது. மூத்த பொண்ணோட எலும்பு மஜ்ஜையை ஏத்தினா, அதுல வர்ற செல்லுங்க மூளைக்குள்ளயும் போய் என்சைம் கொடுக்கும்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ இதுக்கு ஹார்பர் பாஸ் இல்ல, கேட்டாண்டயே நின்னுகினு கீது. மஜ்ஜைக்குப் பாஸ் கீது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆமா. ஆனா மஜ்ஜை ஏத்துறதைத் தாங்க உடம்புல தெம்பு வேணும். அதனால அதுவரைக்கும் இந்தத் திங்கட்கிழமை ஊசியை நிறுத்தவே கூடாது."

மூத்தவள் சங்கமித்ராவின் மஜ்ஜை பொருந்தியது. தேதியும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எனக்கு டைபாய்டு வர, குழந்தைகளை இவரிடம் விட்டுவிட்டுப் புளியந்தோப்பில் அம்மா வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் வாசலிலேயே அம்முவின் குறட்டை கேட்கிறது.

"இன்னா மாமா பண்ணே கொயந்தய?"

நாட்டு மருந்தை விட்டு இங்கிலீஷ் மருந்துக்கு மாறும்போது, பழையது இறங்கட்டும் என்று நடுவில் சும்மா விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் புருஷன் அதை இங்கேயும் செய்திருந்தார். "ஒடம்பு கிளீனாவட்டும்னு ஊசிய வுட்டேன் மலரு. ரெண்டு மருந்தும் உள்ள சண்ட போட்டுக்கினா?"

மூச்சு இவ்வளவு மோசமாக இருக்கும்போது எதுவும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா தேதியைத் தள்ளிப்போட்டார். அம்முவுக்கு ஒதுக்கியிருந்த படுக்கை வேறு குழந்தைக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து இவர் விம்மி விம்மி அழுதார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டுமென்று வந்தவள், டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அதற்கப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் அவர் வண்டி எடுக்கவில்லை, அம்முவைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போனார். அம்முவின் மூச்சு மெல்லத் தேறியது. மஜ்ஜை ஏற்றினார்கள், அது வேரூன்றும்வரை ஊசியும் போட்டார்கள். "இனிமே அவ உடம்பே என்சைம் தயாரிச்சுக்கும். இந்த நோயால வர்ற எலும்புக் கோணலுக்குத் தனியா பார்க்கணும். மூளை எந்த அளவுக்குத் தப்பிச்சிருக்குன்னு போகப்போகத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்தும் அம்மு வாயே திறக்கவில்லை. மாதங்கள் போயின. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே பயந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் சங்கமித்ரா அழுதுகொண்டே ஓடி வந்தாள். "யம்மா, இவ என்னைப் போடி லூசுன்றா!"

பின்னாலேயே இடுப்பில் கைவைத்துக்கொண்டு அம்மு வந்தாள். "அவதான் என் பந்தப் புடுங்கினா!"

டில்லிபாபு தட்டில் பிசைந்த சோற்றோடு அப்படியே எழுந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியவளைச் சமாதானப்படுத்தத் தோன்றவில்லை.

"இன்னொரு தபா திட்டுடி கண்ணு" என்றேன்.