மூன்று மணி நாற்பது நிமிடத் தூக்கம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைக்கப் போவதில்லை. கிளினிக்கில் போன் எடுக்கும் பெண்ணோடு பேசி முடித்த கையோடு முதல் வரியை எழுதினேன்:

'என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் அவனுக்கு'

இல்லை. மனம் உச்சிக்கும் பள்ளத்துக்கும் போய்வரும் இருமுனைக் கோளாறு உள்ளவனை லிஃப்ட்டோடு ஒப்பிடுவது மலிவான சாமர்த்தியம். அடித்துவிட்டேன். (அடித்ததை உங்களுக்குக் காட்டுவதும் சாமர்த்தியம்தான். தெரியும்.)

2

நடந்தது இது. அண்ணன் மூன்று வருடமாக நன்றாக இருந்தான். வேளைக்கு மாத்திரை, பத்து மணிக்குப் படுக்கை. மணிக்கட்டில் ஒரு பட்டை. தூக்கத்தையும் நடையையும் அளந்து என் போனுக்கு அனுப்பும். "தூக்கம் குறைஞ்சு நடமாட்டம் கூடுச்சுன்னா, அவருக்கு உறைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். உடனே கூப்பிடுங்க" என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

பிறகு கம்பெனி அவனை மாறி மாறி வரும் ஷிஃப்டில் போட்டது. டாக்டரின் கடிதத்தோடு நானே சூப்பர்வைசரிடம் போனேன். மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்.

"தூக்கம் எல்லாருக்கும்தாம்மா வேணும். உங்கண்ணனுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

ஏழு மணி நேரம் ஐந்தாயிற்று. ஐந்து, மூன்று மணி நாற்பது நிமிடமாயிற்று. ஒரு நாளைக்கு ஆறாயிரம் காலடி நடந்தவன் இருபத்திரண்டாயிரம் நடந்தான். கிளினிக்கைக் கூப்பிட்டேன்.

"பேஷண்ட் என்ன சொல்றாரு?"

"சூப்பரா இருக்கேங்கறான்."

"அப்புறம் என்னம்மா? வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க."

"அதுக்குள்ள முத்திடும். டாக்டர்தான் உடனே..."

"டாக்டர் லீவு."

செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்கு லிஃப்ட்டுகளையும் நிறுத்தி, ஒயர்களையெல்லாம் பிரித்துப் போட்டான் அண்ணன். யாரும் காத்திருக்கவே வேண்டாத லிஃப்ட்டைக் கண்டுபிடித்துவிட்டானாம். இரண்டு காவலாளிகள் அவனைத் தரையோடு அமுக்கிப் பிடித்தார்கள். முப்பத்தாறு நாள் வார்டு. வேலை போயிற்று.

(இந்த இடத்தில் சூப்பர்வைசரை லிஃப்ட்டுக்குள் மாட்டவைத்து மூன்று பக்கம் எழுதினேன். எழுத எழுத இனித்தது. கிழித்துப் போட்டேன். அவர் மாட்டியிருந்தால் கதவைத் திறக்க ஓடியிருப்பவன் என் அண்ணன்தான்.)

3

இந்தக் கதையில் வரும் தங்கையை எனக்கே நம்ப முடியவில்லை. ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். வீடு திரும்பிய அண்ணன் படித்துப் பார்த்தான்.

"இதுல நீ ஒருத்திதான் யோக்கியமா?"

"பின்ன?"

"நான் சிரிச்சா என் மூஞ்சியையா பாக்கறே? கைப்பட்டையைத்தானே பாக்கறே. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். எழுதும்போது கோபம் என் பக்கமும் திரும்பியது.

4

நேற்று பட்டையைக் கழற்றி என் மேசைமேல் வைத்தான். "தூக்கம் எவ்வளவுன்னு தெரியணும்னா என்னைக் கேளு. நான் சொல்றேன்."

நாளை அவனுக்கு ஓர் இன்டர்வியூ. அடுத்த அறையில் பாடிக்கொண்டே ஷூ துடைக்கிறான். சந்தோஷமா, ஆரம்பமா?

முடிவு அ: கேட்காமலே கிளினிக்கைக் கூப்பிடுகிறேன், அவன் என்னோடு பேசுவதை நிறுத்துகிறான். முடிவு ஆ: சும்மா இருக்கிறேன், பிறகு

இரண்டும் வேண்டாம். எழுந்து போய் அவனையே கேட்கப் போகிறேன். "நாலு மணி நேரம்" என்று அவன் சொன்னால், அவன் எதிரிலேயே கிளினிக் நம்பரைப் போடுவேன். மணி அடிக்கும். போனை எடுப்பது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்வீர்கள்?