தங்கையின் கொண்டை

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்பதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் உலகத்தில் கிடையாது. ஆவி முகத்தில் அடிக்கும், முடி கழுத்தோடு ஒட்டும். தங்கை பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் நின்றாள். முடியைத் தூக்கிக் கட்டினால் இரண்டு காதும் முகத்துக்கு முன்னால் ஓடிவந்து வணக்கம் சொல்லும். இரண்டு பக்கமும் பிடி வைத்த அண்டாவைப் பார்த்து, 'அண்டா' என்று அவளுக்குப் பெயர் வைத்த புண்ணியவதி சொந்த அக்கா. அப்போது அக்காவுக்கு வயது ஒன்பது, வாய்க்கு வயது தொண்ணூறு.

காதைத் தலையோடு ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சைக்குத் துணையாக வந்தவளும் அந்த அக்காதான். டாக்டரம்மா காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடக்கித் தைத்திருந்தார். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இதற்குப் பிறகும் முடிக்குள்தான் ஒளிய வேண்டும் என்றால் என்ன செய்வது என்பதே அவள் பயம்.

"இடது காது ஒரு நெல்லளவு வெளிய நிக்குது," என்றார் டாக்டரம்மா, எதையும் மறைக்காமல். "ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா வராதும்மா. ஆறு வாரம் தூங்கும்போது காதை அமுக்கிப் பிடிக்கிற தலைப்பட்டை போடுங்க. அப்புறமும் மனசுக்குப் பிடிக்கலன்னா சரி பண்ணித் தரேன்."

தங்கை கண்ணைத் திறந்தாள். எதிரே கண்ணாடியில், வீங்கிச் சிவந்து, ஆனால் தலையோடு அடங்கி, இரண்டு காதுகள். "ரொம்ப நன்றி டாக்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

வீக்கம் வடிந்ததும் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒருத்தி, "இளைச்சுட்டியா?" என்று கேட்டாள். காதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் இவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மதியம் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, 'உன் காதுக்கு என்ன, முடி பறக்கும்போது பாத்திருக்கோமே, ஒண்ணும் தோணலையே'ங்கறாங்கக்கா!"



"அப்ப என் வாயைத் தைக்காம உன் காதைத் தச்சுட்டு வந்திருக்கோம்டி," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"போக்கா! நீ கையைப் பிடிச்சுக்கலன்னா ஆஸ்பத்திரி வாசல்லயே திரும்பி ஓடியிருப்பேன். நன்றி சொல்லலாம்னு போன் போட்டா நீ அழறே."