குனிந்தால் வரும் நாய்

முரசுமோட்டையில் நாயைக் கயிற்றில் பிடித்து நடப்பவர்கள் எவரும் இல்லை. நாய் பின்னால் வரும், இல்லாவிட்டால் வராது. அதனால் அருந்ததி உடுப்புக் காயப்போடும் கொடிக் கயிற்றில் செம்பனைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் றோட்டில் இறங்கிய முதல் மாலையே, வயல் வரம்பில் நின்ற அப்புத்துரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன பிள்ளை, மேய்க்கவோ கொண்டுபோறாய்? பால் எவ்வளவு கறக்கும்?"

அருந்ததி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். வகுப்புக்கு வெளியே அவளுக்குக் குரல் எழும்பாது. தலை குனிந்தபடி நடந்தாள். ஆனால் மறுநாளும் அதே கயிற்றோடு வந்தாள்.

செம்பன், இடம்பெயர்ந்து போன யாரோ விட்டுவிட்டுப் போன நாய். பள்ளிக்கூடக் கிணற்றடியில் எலும்பும் தோலுமாகக் கிடந்ததை அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா விமலேஸ்வரி ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். சமாதானம் வந்து ஊர் திரும்பியிருந்தாலும் வாய்க்கால் றோட்டில் வயலுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னும் மிதிவெடி எடுத்து முடியவில்லை. மண்டையோட்டுப் பலகைகளும் நாடாவும் கட்டியிருந்தார்கள். போன மாரியில் அவர்களுடைய பசு அந்த நாடாவுக்கு அப்பால்தான் செத்தது.

"நாய் போனால் பின்னால நீயும் போவாய். உன்னை எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "ஒருக்கா நாடாவைத் தாண்டிச்சுதெண்டால் இந்த நாயை வவுனியா பஸ்ஸில ஏத்தி விட்டிடுவன்."

செம்பனோ அருந்ததியைத் திரும்பியே பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். விரலைச் சொடுக்கினாள். பிஸ்கட்டை நீட்டினாள். மூக்கு மண்ணிலும் காது பற்றைப் புதருக்குள்ளும் இருந்தன.

ஒருநாள் செருப்பு வார் கழன்றது. மாட்டுவதற்குக் குனிந்தாள். செம்பன் வீரிட்டுக் கத்தி, கயிறு விட்ட தூரம் ஓடி, மண்ணோடு ஒட்டிப் படுத்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரில் நாயைக் கலைக்க எல்லோரும் செய்வது அதுதான். கல் இல்லாவிட்டாலும் குனிந்தால் போதும், நாய் ஓடிவிடும். சின்ன வயதில் அவளும் செய்திருக்கிறாள். இது கவனிக்காத நாய் அல்ல. இத்தனை நாளும் கடைக்கண்ணால் அவளுடைய கையை மட்டுமே கவனித்துக்கொண்டு வந்த நாய்.

அன்றிலிருந்து குனிந்தாள். நிலத்தில் ஒரு துண்டு கருவாட்டை வைத்தாள். நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்தாள். சில அடி நடந்து மறுபடியும் குனிந்தாள்.

"ரீச்சர் நாயைக் கும்பிடுறா," என்று பஸ் நிற்கும் இடத்தில் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. இன்னொரு தரம் குனிந்தாள்.

செம்பன் மெல்ல மெல்லக் கிட்ட வரத் தொடங்கியிருந்த ஒரு மாலை, றோட்டின் குறுக்கே உடும்பு ஓடியது. இழுத்த இழுப்பில் கொடிக் கயிறு அறுந்தது. செம்பன் நாடாவுக்குக் கீழால் நுழைந்து பற்றைக்குள் பாய்ந்தது.

அப்புத்துரை வயலிலிருந்து ஓடிவந்து கல்லொன்றை எடுத்தார்.

"எறியாதேங்கோ, மாமா."

"அங்கால எறிஞ்சால் இஞ்சால திரும்பும், பிள்ளை. மாட்டுக்கு நான் செய்யிறதுதானே."

"இது மாடில்லை. எறிஞ்சியளெண்டால் இன்னும் உள்ளுக்கு ஓடும்." அருந்ததி அவருக்கு முன்னால் போய் நின்றாள். "கையைக் கீழ விடுங்கோ."

வகுப்பறைக் குரல் றோட்டில் வந்திருந்தது. அப்புத்துரை கையைத் தாழ்த்தினார்.

அதற்குள் வீட்டுப் படலையடியிலிருந்து ஓடிவந்த அம்மா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். "கால் வைச்சியெண்டால் தெரியும்."

"வைக்கமாட்டன். விடுங்கோ அம்மா, நான் குனியவேணும்."

அம்மாவின் பிடி தளர்ந்தது. அருந்ததி நாடாவின் இந்தப் பக்கத்தில் நின்று, மெதுவாகக் குனிந்து, கருவாட்டை மண்ணில் வைத்தாள். கூப்பிடவில்லை.

பற்றைக்குள் ஓசை நின்றது. செம்பன் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவளுடைய கையை அல்ல, முகத்தை. பிறகு நடந்து வந்தது. அது வைத்த ஒவ்வொரு காலையும் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாடாவுக்குக் கீழால் நுழைந்து வந்து கருவாட்டைத் தின்றது.

அம்மாதான் முதலில் கதைத்தாள். "நான் சொன்னது ஞாபகம் இருக்கே?"

"இருக்கு. குனிஞ்சவுடன திரும்பி வந்தவனை நான் பஸ்ஸில ஏத்தமாட்டன்."

கல்லைப் போடுவதற்காக அப்புத்துரை குனிந்தார். செம்பன் பாய்ந்து அருந்ததியின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. அவள் பையிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் இதாலதான் வருவம், மாமா. இதைக் குனிஞ்சு நிலத்தில வையுங்கோ."

"நானும் நாயைக் கும்பிடவோ?"

"ஓம்."

அவர் கருவாட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அம்மா அறுந்த கயிற்றை எடுத்து இழுத்துப் பார்த்தாள். அது மறுபடியும் அறுந்தது.

"இது சரிவராது," என்றாள். "குசினிக்குப் பின்னால பசுவின்ர கயிறு தொங்குது. அதை எடு."