இதர மனு

மூன்றாவது திங்கட்கிழமையும் தென்காசி கலெக்டர் ஆபீஸில் மனு வரிசையில் நின்றேன். முன்னால் பட்டா கேட்பவர்கள், பின்னால் முதியோர் பென்ஷன்காரர்கள். வெளியே குற்றாலச் சாரலில் நனைந்தபடி ஐந்தருவிக்குப் போகிறவர்கள் கார்களில் கும்மாளம் போட்டார்கள்.

வடகிழக்கு மாநில மலையில் ரோடு வேலைக்கு ஜேசிபி ஓட்டப் போன என் புருஷன் இசக்கிராஜாவைத் தீவிரவாதிகள் பிடித்து வைத்து இருபத்திரண்டு நாளாகிறது. சிறையில் இருக்கும் தங்கள் தலைவனை விட்டால் இவரை விடுவார்களாம். அரசு அவர்களோடு பேச வேண்டும் என்பதுதான் என் மனு.

பேச மாட்டோம் என்று அரசு சொல்லிவிட்டது. அரசாவது டெல்லியில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே என் மாமனார், மிலிட்டரி சுந்தரபாண்டியன், டிவிக்காரனிடம் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார்: "எம் மவன் ஒருத்தனுக்காவ நாடு தலை குனியக் கூடாது." தெருவே கை தட்டியது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மனு பதிகிற உமாதேவி கம்ப்யூட்டரில் துறையைத் தேடிப் பார்த்துவிட்டு, மறுபடியும் 'இதர' என்றே போட்டாள்.

"போன ரெண்டு மனுவும் நிராகரிச்சு மெசேஜ் வந்திருக்குமேக்கா?"

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"ரேஷன் கார்டுல உள்ள நம்பருக்குல்லா போவும்."

அது மாமனார் நம்பர். கேஸ் சிலிண்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுப்போம். மனுவிலும் பழக்கதோஷத்தில் அதையே எழுதியிருக்கிறேன். மனுஷன் இரண்டையும் படித்துவிட்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்திருக்கிறார்!

"அந்தத் தலைவன விட்டா நாளைக்கு இன்னொருத்தரப் பிடிப்பான்லாக்கா?" என்றாள் உமாதேவி.

"பிடிக்காமப் பாக்க வேண்டியது யாரு வேல? எம் புருஷன் வேலையா?"

"அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போடணும்" என்று பின்னால் ஒரு குரல். மாமனார். மெடல் குத்திய சட்டை சாரலில் நனைந்திருந்தது.

"முப்பது வருஷத்துக்கு முந்தி அதே மலையில என்னையப் பிடிச்சுட்டுப் போனானுவ, மஞ்சு. ஒம்பது நாள். சர்க்கார் ஆள் விட்டுப் பேசி, அவனுவ ஆள் ரெண்டு பேர விட்டுட்டு என்னைய மீட்டுச்சு. வெளிய சொல்லாதேன்னாவ. சொல்லல."

"இதச் சொல்ல இருபத்திரண்டு நாளா மாமா?" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"வெக்கமா இருந்துச்சும்மா. அந்த மெசேஜத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அன்னைக்கு என்னையும் அப்படித் தள்ளிருந்தா இசக்கிராஜா பொறந்திருக்கவே மாட்டான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் கையெழுத்துப் போட்டதும் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். மனு நாளில் அங்கே எப்போதும் டிவிக்காரர்கள் நிற்பார்கள்.

"எங்க மாமா அன்னைக்குச் சொன்னத மாத்திச் சொல்லப் போறாவ. எடுங்க" என்றேன்.

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு நாடு எனக்காவப் பேசிச்சு. அதனால ஒண்ணும் அது தலை குனியல. இப்ப எம் மவனுக்காவயும் பேசட்டும்."