கழுவிய அரிசி

பரிசோதனைக்கூடத்தில் அரிசியைக் கழுவக் கூடாது. உலர்த்தி, அரைத்து, எடை போட்டு, புட்டியில் அடைக்க வேண்டும். பதினோரு வருடமாகத் தினக்கூலிக்கு அதையே செய்கிறவளுக்கு இது தெரியாததில்லை.

ஆனாலும் போன மாதம் ஒரு காலையில் கழுவிவிட்டாள். மாமியாருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். தூக்கம் என்பதே இல்லை. விடியுமுன் எழுந்து எட்டுப் பேருக்கு உலை வைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். இங்கே தட்டில் அரிசியைப் பார்த்ததும் கை தானாகக் குழாயடிக்குப் போய்விட்டது. மூன்றாவது தண்ணீரை வடிக்கும்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. யாரும் பார்க்கவில்லை. வெறும் தண்ணீரில் என்ன போய்விடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, உலர்த்தி அரைத்து, 'சாதா' என்று சீட்டு ஒட்டினாள்.

அடுத்த புட்டியில் மரபணு மாற்றிய அரிசி. அதைக் கழுவவில்லை. இரண்டில் எதில் சத்து அதிகம் என்பதுதான் கேள்வி.

இன்று முடிவு வந்துவிட்டது.

"உன் சாதா அரிசி மண்ணைக் கவ்விடுச்சும்மா" என்றார் கருவி பார்க்கும் அண்ணன்.

ஆய்வாளர் அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "புரதம் ரெண்டுலயும் ஒண்ணுதான். மாவுச்சத்தும் ஒண்ணுதான். சாதாவுல பி-ஒன் வைட்டமின் மட்டும் பாதி, இரும்பும் குறைச்சல். ஏன்னே புரியல."

"அதான் விதைய மாத்திட்டாங்களே."

"மாத்தினது பூச்சி அண்டாம இருக்கறதுக்கு, அண்ணே. சத்துக்காக இல்ல."

"கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். கையெழுத்துப் போட்டு ஆளை விடுங்க மேடம். அறிக்கைய எடுத்துட்டுப் போக நாலு மணிக்கு வண்டி வருது."

அம்மா பேனாவை எடுத்தார். அதே மேசையில் இன்னொரு தாளும் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவளை நிரந்தரமாக்கும் கடிதம்.

"மேடம்…" அவள் மேசைப் பக்கம் வந்தாள். "சாதா அரிசிய நான் கழுவிட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை தண்ணி?"

"மூணு."

அண்ணன் தலையில் கை வைத்தார். "ஒரு மாச உழைப்ப வடிச்சுக் கொட்டிட்டியே, தாயே!"

"தண்ணியோட போறதுதான் போயிருக்கு" என்றார் அம்மா, தாளைப் பார்த்தபடியே. "அப்பவே ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப இல்லையா?"

"இப்பவும்தான் இருக்கு. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டா ஊரே நம்பிடுமே."

அம்மா பதிவேட்டைத் திறந்தார். 'தவறு' என்ற கட்டத்தை நிரப்பினார். 'யாரால்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதில் பேர் ஏறினால் ஒரு வருடத்துக்கு நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. மூவருக்கும் தெரியும்.

"எழுதுங்க மேடம்."

எழுதினார். கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். கோபம் இருந்ததா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. களைப்பு மட்டும் தெரிந்தது.

"மூட்டையில மிச்சம் இருக்கா?"

"ரெண்டு கிலோ தேறும்."

"முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அவள் அரிசியைத் தட்டில் பரப்பினாள். பின்னால் அண்ணன் வண்டிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வராதப்பா. இன்னும் இருபது நாள் ஆகும். ஏனா? அரிசி இன்னும் வேகல, போ!"

சிரிக்கலாம் என்றுதான் நினைத்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை. தட்டை உலர்த்தும் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.