வாட்ச் மேல் வைத்த மவுஸ்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முடிவு வாங்க வருகிறவர்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நல்லதோ கெட்டதோ, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டில் புருஷன்கூட, "உன் வாயிலேர்ந்து ஒரு விஷயம் வாங்கறதுக்குள்ள கிணறே வெட்டிடலாம்" என்று அலுத்துக்கொள்வான்.

அந்த நம்பிக்கையில்தான் நாத்தனார் அங்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். புருஷனின் தங்கை, தனி ஆளாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். கல்லீரலைத் தாக்கும் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாது, கவனமாக இருந்தால் போதும், காப்பகத்தைத் தாராளமாக நடத்தலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அண்ணனுக்குக்கூட நானே சொல்லிக்கறேன் அண்ணி" என்றாள் நாத்தனார். அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் காப்பகத்துக்கு ஒரு குழந்தை வரவில்லை. அப்புறம் இன்னொன்று. "அத்தை வந்திருக்காங்க, அவங்க பாத்துக்கறாங்க" என்றார்கள். "வீடு மாத்தறோம்" என்றார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் போட்டு உடைத்தாள். "உங்களுக்கு லிவர்ல ஏதோ கிருமியாமே? சொன்னாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க." யார் சொன்னது என்று கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை.

நாத்தனார் நேரே அண்ணியின் சமையலறையில் வந்து நின்றாள்.

"உங்களையும் டாக்டரையும் தவிர வேற யாருக்கும் தெரியாது அண்ணி."

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலம்மா."

"அப்போ காத்துல வந்துச்சா?"

சொல்லாத பேச்சுக்குப் பழி! ரிப்போர்ட் அக்கா அதை விடுவதாக இல்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் சிஸ்டம் பார்க்கிற பையனைப் பிடித்தாள். எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி செய்துவைத்திருப்பதால் அவனுக்கு அங்கே பூட்டு என்று பெயர்.

"என் நாத்தனார் ரிப்போர்ட்டை யார் யார் திறந்திருக்காங்கன்னு பாரு தம்பி. எவளா இருந்தாலும் சும்மா விடமாட்டேன்."

பூட்டு பார்த்தான். திரும்பவும் ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டான்.

"டாக்டர் திறந்திருக்கார். மத்ததெல்லாம் உங்க பேர்லதான்கா இருக்கு."

"மத்ததெல்லாம்னா? பிரிண்ட் எடுக்க ஒரே ஒரு தடவைதானே நான் திறந்தேன்!"

"அதுக்கு அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துல மறுபடியும் திறந்திருக்கு. பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா?"

"என் புருஷனுக்கே தெரியாது."

"அப்போ வேற யாரும் திறந்திருக்க முடியாதேக்கா. நீங்க எழுந்து போனா கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டர் தானாவே பூட்டிக்குமே."

அவள் மேசையைப் பார்த்தாள். வார் அறுந்த பழைய கைக்கடிகாரம் ஒன்று அங்கே கிடந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் போதும், பூட்டிக்கொள்ளும். சாப்பிட்டு வருவதற்குள் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டு கத்துவார்கள். அவள் அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, திரும்ப அடித்து... சீ, என்ன பிழைப்பு என்றிருக்கும். ஓடுகிற கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டால், அடியில் விநாடி முள் நகர நகர, யாரோ கை வைத்து அசைப்பதாக மவுஸ் நினைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளாது என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து மவுஸைக் கடிகாரத்தின் மேல் ஏற்றிவிட்டுத்தான் அவள் சாப்பிடப் போவாள். என்ன சாமர்த்தியம்! அவளைப் பார்த்து அங்கே பாதிப் பேர் வீட்டிலிருந்து பழைய கடிகாரம் கொண்டுவந்தார்கள்.

வாயை அவ்வளவு இறுக்கி மூடி வைத்திருந்தவள், ஊர் ரகசியம் மொத்தத்தையும் மேசையில் திறந்து போட்டுவிட்டுச் சோறு தின்னப் போயிருக்கிறாள்.

பூட்டுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், அவன் திட்டவில்லை.

"கேமராவுல தெரியாதா தம்பி?"

"அது வாசலைத்தான் பாக்குது. இந்த நாற்காலில யாரு உக்காந்தாங்கன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாதுக்கா. ரெக்கார்டுல நீங்கதான்." கொஞ்சம் தயங்கினான். "நான் மேல சொல்லியாகணும்."

"சொல்லு. ஒண்ணையும் மறைக்காதே."

வேலை போய்விடுமோ என்ற பயம்கூட அவளுக்கு அப்போது வரவில்லை. நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கவலையாக இருந்தது.

சாயங்காலம் காப்பகத்துக்குப் போனாள். செருப்பு வைக்கும் பலகையில் ஒரே ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு இருந்தது. அதற்குரிய குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் யாரும் படுக்காத பாய்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள்.

"இது என்னோடதுல்ல?"

"ஆமா. வார் அறுந்தாலும் நல்லா ஓடுதுன்னு நீதான் குடுத்தே."

நாத்தனார் அதை வாங்கவில்லை.

"நீங்க சொல்லலன்னு நம்பறேன் அண்ணி."

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் நாத்தனார் இன்னும் முடிக்கவில்லை.

"இதுக்கு நீங்களே வெளிய சொல்லியிருக்கலாம். உங்களை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு இருந்திருப்பேன். அப்புறம் சரியாப் போயிருக்கும். இப்போ நான் யார்மேல கோபப்படறது? கடைக்காரர் மீதியைக் கையில குடுக்காம மேசைமேல வச்சா, இவருக்கும் தெரியுமோன்னு தோணுது. தெருவுல ரெண்டு பேர் சிரிச்சா, என்னைப் பத்தித்தானோன்னு தோணுது. இது எப்போ முடியும்? நீங்களே சொல்லுங்க."

அண்ணிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். இங்கே அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

வாசலில் சத்தம் கேட்டது. அந்தக் கடைசிக் குழந்தையின் அப்பா. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரையும் பார்த்து எப்போதும்போலச் சிரித்தார்.

"நாளைக்கு வர முடியுமான்னு தெரியலைங்க. போன் பண்றேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"அவருக்குத் தெரியுமா அண்ணி?"

தெரியாது என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.